சொந்த இடத்துக்கு என்ன வாடகை?

அந்தக் கேள்வியைக் கேட்பதென்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கையிலிருக்கும் டேப்லெட்டில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் பாதி வழியில் அது வரும். "இந்த இடம் சொந்தமா, வாடகையா, வாடகை இல்லாமல் வேறொருவர் விட்டுக் கொடுத்ததா? சொந்தம் என்றால், இதையே வெளி ஆளுக்கு விட்டால் மாதம் என்ன வாடகை வரும்?" அதுவரைக்கும் எத்தனை மெஷின், எத்தனை ஆள், கரண்ட் பில் எவ்வளவு என்று கடகடவெனச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இந்த இடத்தில் டக்கென்று நின்றுவிடுவார்கள். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் சித்திரை வெயிலில் திருப்பூர் முழுக்க அலைந்தேன் என்றால் அது பொய்யில்லை.

நாட்டு வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போடுபவர்களுக்குப் பெரிய கம்பெனிகளின் விவரம் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும். வீட்டுக்குப் பின்னால் நாலு தையல் மெஷின் போட்டு ஓட்டுபவரின் விவரம் அப்படிக் கிடைக்காது, யாராவது நடந்துபோய்த்தான் கேட்க வேண்டும். அந்த யாராவதுதான் நான். ஒப்பந்த வேலை. நாள் முழுக்க வெயில், பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள், திறந்த வீட்டில் நாய் இருக்கும். ஆனால் எனக்குப் பிறவியிலேயே வாய் கொஞ்சம் நீளம், ஊரார் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிட நீளம். இரண்டுக்கும் அரசாங்கமே அடையாள அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்! காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போதே எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும்.

பயிற்சி கொடுத்த மூன்று நாளில் இரண்டரை நாள் எனக்குத் தூக்கம்தான் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் தலை சாய்ந்திருந்த நேரத்தில், அந்த அதிகாரி பழைய பாடத்தை எடுத்தார். எந்தப் பொருள் உருவாகவும் நிலம், உழைப்பு, மூலதனம், நடத்துகிறவர் என்று நாலும் வேண்டும். உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, நடத்துகிறவருக்கு லாபம், நிலத்துக்கு வாடகை. பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய சங்கதிதான். அப்புறம் அவர் ஒன்று சொன்னார். சொந்த இடத்தில் இருப்பவருக்கும் வாடகை உண்டு, அவரே அவருக்குக் கொடுத்துக்கொள்வதாக வைத்து எழுத வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வீட்டை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் வாடகை கொடுத்தால், எதுவுமே புதிதாக உண்டாகாமல் நாட்டு வருமானம் கூடிவிடும்!

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தோழியின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். "என்னக்கா, பாம்பா?" என்று பதறி எழுந்தாள். அன்றைக்கு அதிகாரி இன்னொன்றும் சொன்னார். நிலத்தை விற்றால் வரும் பணம் நாட்டு வருமானத்தில் சேராது, மண் கை மாறியதே தவிர எதுவும் விளையவில்லை. அதில் வரும் புரோக்கர் கமிஷன் மட்டும் சேரும். டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் 'சென்ட் என்ன விலை போகுதுங்க' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊர்க்காரிக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி! அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா இந்த ஊர்ல புரோக்கர் மட்டுந்தான் உழைச்சிருக்கறானா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அண்ணன், ஏழு வயது மூத்தவர். வேலம்பாளையத்துக்கு வடக்கே எங்களுக்கு அரை ஏக்கர், மழையை நம்பிக் கிடக்கும் மேட்டாங்காடு. அதில் செட் போட்டுப் பன்னிரண்டு மெஷினோடு பவர் டேபிள் நடத்துகிறார். அதாவது எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் வெட்டிய துணியைக் கொடுப்பார்கள், இவர் டி-ஷர்ட்டாகத் தைத்துப் பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். அப்பா போனபிறகு எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் கல்யாணம் செய்துவைத்ததும் அவர்தான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். இடம் இன்னும் அப்பா பேரில்தான் இருந்தது. சட்டப்படி ஆளுக்குப் பாதி.

சட்டம் ஒரு பக்கம், எங்கள் பக்கத்து வழக்கம் இன்னொரு பக்கம். பெண்பிள்ளைகள் பூமியில் பங்கு கேட்பதில்லை. ஒரு நல்ல நாளில் பத்திர ஆபீசுக்குப் போய், தன் பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அண்ணன் தம்பிகள் வளையலும் புடவையும் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படிப் போட்டால் பொங்கலுக்கும் ஆடிக்கும் பிறந்த வீட்டில் இலை விழும், போடாதவளுக்கு விழாது. போடாத இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் பிறந்த வீட்டு விசேஷங்களை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள். அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டு, வளையலுக்கு அளவு கேட்டு என் பழைய வளையல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். நானும் கொடுத்தேன். அவ்வளவு செய்த அண்ணனுக்குக் கையெழுத்துப் போடுவதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன், சத்தியமாக.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்குக் களவேலை ஆரம்பித்தது. முதல் நாளே ஒரு டேபிள் பிரிண்டிங் பட்டறைக்காரர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "எனக்கு நானே வாடகை குடுத்துக்கோணுமாங்க?" என்று சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக் காட்டினார். எலாஸ்டிக் தறி ஓட்டும் ஒருவர் என்னைப் புரோக்கர் என்றே முடிவு கட்டிவிட்டார். "என்ற எடத்த நான் எதுக்குங்க வாடகைக்கு விடோணும்? உங்கள யாரு தாட்டி உட்டாங்க?" என்று குதித்தார். எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து விசாரித்த பிறகு சாந்தமாகி இளநீர் வெட்டிக் கொடுத்தார், வாடகையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பூஜ்யம் என்று போடுங்க, பூஜ்யம் என்று போடுங்க. போகிற இடமெல்லாம் இதே பாட்டு.

ஒரே ஒருவர்தான் யோசிக்காமல் பதில் சொன்னார். பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கும் பாய். அவருடைய குடோன் வாடகைக் குடோன். தன் வாடகையைச் சொன்னதோடு விடாமல் அந்த வீதியில் உள்ள எல்லாச் செட்டின் வாடகையையும் வரிசையாக ஒப்பித்தார். "அந்த மூணாவது செட்டுல லாரி திரும்புமுங்க, அதனால சாஸ்தி. அதுக்கு அக்கட்ட இருக்கறதுல போர்ல தண்ணியில்லீங்க, அது கம்மி. முக்குல இருக்கறது பஸ் ஸ்டாப்புக்குப் பக்கமுங்க, டைலருங்க எறங்குனா நேரா உள்ள வந்துருவாங்க. அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கறாங்க." நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அதுவரை மண்ணை நான் சென்ட் கணக்கில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பாய் அதை லாரி, தண்ணீர், பஸ் ஸ்டாப் என்று பிரித்துப் பிரித்து விலை போட்டார்.

நடுவில் நான்கு நாள் என்னை மூலனூருக்கு அனுப்பினார்கள். அங்கே விவசாயக் குடும்பங்களைக் கேட்க வேண்டும். முருங்கைச் சந்தையில் காய் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்தது. ஒரு தோட்டத்துக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டேன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டால் என்ன வரும் என்று. அவர் கொஞ்சம் கூட யோசிக்காமல் சொன்னார், அந்த ஊரில் குத்தகை எல்லோருக்கும் பழக்கம். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் செம்மண் காடாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தலைக்குள் ஒரே ஓட்டம். மூலனூரில் அரை ஏக்கர் முருங்கை காய்க்கிறது. வேலம்பாளையத்தில் எங்கள் அரை ஏக்கரில் கொள்ளுகூட ஒழுங்காக முளைத்ததில்லை. ஆனால் பஸ் விட்டு இறங்கி ஐந்து நிமிஷத்தில் டெய்லர் வந்து உட்கார்ந்துவிடலாம், லாரி தாராளமாகத் திரும்பும், போரில் தண்ணீர் உண்டு. பாய் சொன்ன மூன்றும் இருக்கிறது! அப்படியானால் அந்த மண் மாதாமாதம் ஏதோ சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சம்பாத்தியம் எங்கே போகிறது?

பதில் அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. நான் போனபோது செட்டில் அண்ணன் மட்டும் மெஷின்களுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் போனில் கூப்பிட்டார், ஆர்டர் பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்.

"எனக்குச் சொந்த எடமுங்க. வாடகைச் செட்டுக்காரனாட்டம் நான் ரேட்டு கேக்க மாட்டனுங்க. வாடகை இல்லாததுனால கொறைச்சே பண்ணித் தர்றனுங்க. எங்கயும் விசாரிச்சுப் பாருங்க."

போனை வைத்துவிட்டு, "பாத்தயா அம்மிணி, வாடகைக்கு இருக்கறவன் ஒருத்தனும் எனக்கு எதுக்கால நிக்க முடியாது" என்று மீசையைத் தடவினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாடகையை அவர் சம்பாதிக்காமல் இல்லை. சம்பாதித்து, பீஸ் ரேட்டில் கழித்து, கையோடு கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறார்! அவன் அதைக் கப்பலில் ஏற்றிவிடுகிறான். அதில் பாதி என் பங்கு மண்ணின் வாடகை. முகம் தெரியாத ஏதோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒருவர் வாங்கும் டி-ஷர்ட்டுக்கு வேலம்பாளையத்தில் இருந்துகொண்டு நான் இத்தனை வருஷமாகத் தள்ளுபடி கொடுத்து வந்திருக்கிறேன். ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். வீடு வந்து சேரும்போது சிரிப்பு போய்க் கோபம் வந்திருந்தது.

இந்தத் தப்பை எங்கள் ஆட்கள்தான் செய்ய முடியும். வாடகைக்கு இருப்பவர் ஒன்றாம் தேதி ஆனால் வாடகையைக் கொடுத்துத்தான் தீர வேண்டும், அதனால் ரேட்டில் சேர்க்காமல் விடமாட்டார். சொந்தப் பூமி வைத்திருப்பவருக்கு அது கௌரவம். கௌரவத்தை யாராவது ரேட்டில் சேர்ப்பார்களா? அன்றைக்கு முதல்முறையாக எனக்குக் கையெழுத்துப் போட மனசில்லை. பணத்துக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கென்று அங்கே ஒரு பாதி இருக்கிறது, அது மாதாமாதம் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதை ஒரு ஜோடி வளையலுக்கு எழுதிக் கொடுக்க வயிறு எரிந்தது. ஆனால் போட மாட்டேன் என்று சொன்னால் அண்ணன் இல்லை. அண்ணன் இல்லாத பொங்கலை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த வாரத்துக்கு எனக்கு வந்த பட்டியலில், குலுக்கலில் விழுந்த தொழில்களில் ஒன்று அண்ணனின் செட்! மேற்பார்வையாளரிடம் ஓடினேன். சொந்தக்காரர்களை நாமே கேட்டு எழுதக் கூடாது, வேறு ஆள் போகட்டும் என்றார். தூத்துக்குடித் தோழிக்கு அந்தச் செட்டை மாற்றிக் கொடுத்தார்கள். "எங்கண்ணன் ரொம்பப் பேசுவார், பயப்படாதே, வழி மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று அவளோடு போனேன். "நீங்க ஒத்த வார்த்த பேசக் கூடாது பாத்துக்கிடுங்க" என்று அவள் என்னிடம் சத்தியமே வாங்கிவிட்டாள்.

அது புதன்கிழமை காலை பதினோரு மணி. இன்னும் இரண்டு நாளில் பத்திரம். செட்டுக்குள் ஓவர்லாக் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் ரேடியோவோடு சேர்ந்து இந்திப் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தார்கள். அண்ணி செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். நான் கிளம்பப் போனேன், அண்ணன் விடவில்லை. "நீ எங்க போற? இரு அம்மிணி. இந்தப் புள்ள என்ன கேக்குதுன்னு எனக்கென்ன தெரியும்" என்று என்னையும் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துவிட்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மெஷின், ஆள், கரண்ட் எல்லாம் முடிந்தது. தோழி விரலைத் தள்ளினாள். எனக்குத் தெரியும், அடுத்தது அதுதான்.

"இடம் சொந்தமா, வாடகையா, இல்ல யாரும் சும்மா குடுத்ததா அண்ணாச்சி?"

"சொந்தந்தானுங்க. அதுல என்ன சந்தேகம்?"

"ஒங்க பேர்லயா இருக்கு?"

"அப்பா பேர்லீங்க. வர்ற வெள்ளிக்கெழம என்ற பேருக்கு மாறிப்போயிருமுங்க."

"வெள்ளிக்கிழமைக் கணக்கு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. இன்னைக்கு யாருதோ அதத்தான் எழுதணும். இன்னைக்கு முழுசும் ஒங்களுதா?"

அண்ணன் கைக்குக் கிடைத்த நூல்கண்டை எடுத்து உருட்டினார். பாட்டும் மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. 'பரவாயில்லண்ணா, சொந்தம்னே போடச் சொல்லுங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல தங்கச்சி என்று பெயர் வாங்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? தோழிக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்து அதை விழுங்கிக்கொண்டேன்.

நங்கை கத்தரியை நிறுத்தாமலே பேசினார். "ஏனுங்க, அம்மிணி கையெழுத்துப் போடற வரைக்கும் பாதி அம்மிணியுதுதானுங்க. இருக்கறத இருக்கறாப்டிச் சொல்லுங்க."

"நீ சித்த சும்மா இரு."

"சும்மா இருந்துதானுங்க நான் எங்கூரு கொமரலிங்கத்துல வயல எழுதிக் குடுத்துட்டு வந்தேன்." இப்போது கத்தரி நின்றுவிட்டது. "ஆத்துப் பாசனம். வருசம் ரெண்டு போகம். எங்கண்ணன்மாருங்க ரெண்டு வளையலு போட்டுத் தாட்டி உட்டாங்க. இப்ப அங்க போனா, வாங்க உக்காருங்க, காப்பி குடிங்கன்னு விருந்தாளியாட்டம் பேசறாங்க. அந்த வரப்புல நான் நடக்கறதுக்கு இன்னொருத்தரு கேட்டுக் கதவத் தெறந்து உடோணுமுங்க. நம்ம கண்ணாலத்துல அம்மிணிய நிறுத்தி இணைச்சீர் பண்ணுனது எதுக்குங்க, போட்டாப் புடிக்கறதுக்கா?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கையை முகூர்த்தத்துக்கு முன்பே அழைத்து நிறுத்திச் செய்யும் சீர் அது. புதுப்பெண் வந்தாலும் பிறந்த வீட்டில் உனக்கு உரிமை உண்டு என்று சபையறியச் சொல்வது என்பார்கள். அன்றைக்கு நானும் அண்ணனும் சேர்ந்து நின்றிருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பட்டுப்புடவை கசகசத்தது மட்டும்தான் ஞாபகம். அண்ணனுக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னையே பார்த்தார். பிறகு தோழியின் பக்கம் திரும்பினார்.

"பாதி என்ற எடமுங்க. பாதி என்ற தங்கச்சியுதுங்க. வாடகை எதுவும் குடுக்கறதில்லீங்க."

அவள் இரண்டு முறை திரையைத் தொட்டாள். அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது! நாட்டு வருமானத்தின் ஏதோ ஒரு மூலையில் நான் ஏறிவிட்டேன், பெயர் இல்லாமல், ஆனால் பாதியாக.

அடுத்த கேள்விக்கு அண்ணன் பூஜ்யம் என்று சொல்லவில்லை. போன மாதம்தான் ஒரு பார்சல் குடோனுக்காகப் புரோக்கர் ஒருவர் வந்து செட்டைக் கேட்டிருக்கிறார். அவர் தருவதாகச் சொன்ன தொகையை அண்ணன் அப்படியே சொன்னார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார், இன்னொரு தடவை போட்டார். பின்பு சேரை விட்டு எழுந்தே விட்டார்.

"ஏனுங்க, பன்னெண்டு மெசினும் ஓட்டி, கூலி குடுத்து, கரண்டு கட்டி, மாசக் கடைசில என்ற கைல நிக்கறதும் அவ்வளவுதானுங்க! அப்ப நான் செட்டப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டு ஊட்டுல படுத்துக்கிட்டாலும் அதேதான் வருமுங்களா? அப்ப நான் ஒண்ணுமே சம்பாரிக்கறதில்லீங்களா?"

"நான் எழுதிட்டுப் போறவதான் அண்ணாச்சி" என்றாள் தோழி பாவமாக.

எனக்குச் சத்தியமாவது ஒன்றாவது! "நீங்க சம்பாரிக்கறீங்கண்ணா!" என்று கத்தியேவிட்டேன். "சம்பாரிச்சத ரேட்டுல கொறைச்சுக் கம்பெனிக்காரங்களுக்கே திருப்பிக் குடுத்துடறீங்க. சொந்த எடம், சொந்த எடம்னு போன்ல சொல்றீங்களே, அதுதானுங்கண்ணா அது! உங்க பாதியையும் குடுக்கறீங்க, கேக்காமயே என்ற பாதியையும் சேத்துக் குடுக்கறீங்க!"

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் மெஷின் பெடலில் இருந்து கால் எடுத்துவிட்டார்கள். அண்ணன் பின்வாசல் வழியே வெளியே போய்விட்டார். டீ வந்து ஆறிப்போன பிறகும் அவர் திரும்பவில்லை, நாங்கள் கிளம்பிவிட்டோம். வழியில் தோழி என்னோடு பேசவே இல்லை. "ஒரு சத்தியத்தக் காப்பாத்தத் தெரியலயே ஒங்களுக்கு" என்று மட்டும் வீதி முனையில் சொன்னாள்.

வியாழக்கிழமை முழுக்கப் போன் வரவில்லை. நான் பத்து முறை போனை எடுத்துப் பார்த்தேன். போய்விட்டது, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று அழுதேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் கார் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. எப்போதும்போலச் சிரித்த முகம் இல்லை. முன் சீட்டில் ஒரு ஃபைல் இருந்தது. இவர் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நீட்டினால் போட்டுவிடுவேன் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. மனசு அப்படித்தான் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்திர ஆபீசுக்குத் திரும்பும் முக்கில் கார் திரும்பவில்லை. நேராகச் செட்டுக்குப் போனது. உள்ளே நுழைந்ததும் ஃபைலைத் திறந்து என் முன்னால் வைத்தார். வாடகை ஒப்பந்தம். இடத்தில் பாதிக்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர், வாடகைதாரர் என்ற இடத்தில் அவர் பெயர். அவர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நான் உனக்கு நல்லதுதான் பண்ணீட்டிருக்கறன்னு நெனச்சுட்டிருந்தேன் அம்மிணி" என்றார். "வளையலு வாங்கியாச்சு, அதத் திருப்பித் தர மாட்டேன். அது சீரு, இது வாடகை, வேற வேற. ஆனா ஒண்ணு. இப்பத் தெக்கற ரேட்டுல உனக்கு வாடகை குடுத்தா எனக்கு டைலர் கூலிதான் மிஞ்சும்."

நான் கையெழுத்துப் போட்டேன். நங்கை எதுவுமே நடக்காததுபோலப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார், ஆனால் ஒரே பீஸைத் திருப்பித் திருப்பி வெட்டினார்.

அப்போதுதான் அண்ணனின் போன் அடித்தது. அதே மெர்ச்சண்டைசர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். புது ஸ்டைல் வந்திருக்கிறது, வழக்கம்போல உங்கள் ரேட்டிலேயே பண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்றது அந்தக் குரல். இருபது வருஷமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும்.

"இல்லீங்க, அந்த ரேட்டுக்குக் கட்டாதுங்க. வாடகையும் சேத்துத்தான் இனிமே ரேட்டுங்க."

"என்ன சார் சொல்றீங்க? உங்களுக்குத்தான் சொந்த இடமாச்சே!"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு மெல்ல வந்தது.

"பாதிதானுங்க சொந்தம். மீதிக்கு எடத்துக்காரி எதுக்கால உக்காந்துட்டிருக்குதுங்க."